ஹாலனோடு முடியவில்லை மார்விட்ஸின் கதை

“ஹாலனில் தோற்றதும் ஜெர்மன் குதிரைப்படைத் தளபதி மார்விட்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்” என்று சொல்வது தவறு. தோல்வி உண்மைதான். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 ஆகஸ்ட் 12 அன்று பெல்ஜியத்தின் ஹாலனில் அவருடைய வீரர்கள் ஈட்டியும் வாளுமாகத் திரும்பத் திரும்பப் பாய்ந்தார்கள். பெல்ஜியக் குதிரைவீரர்களோ கீழே இறங்கி நின்று துப்பாக்கியால் சுட்டார்கள். வேலிக் கம்பிகளில் சிக்கிய குதிரைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. பாவம் அந்த வாயில்லா ஜீவன்கள்.

ஆனால் அவரை யாரும் தூக்கவில்லை. அதே மாதம் பிரான்ஸின் லெ காட்டோவிலும் அவர் படை சண்டையிட்டது. அப்புறம் ரஷ்யாவுக்கு எதிரான கிழக்கு முனையில் ஒரு ரிசர்வ் கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவின்) தலைமை, 1915இல் பிரஷ்யாவின் உயரிய ராணுவ விருதான ‘பூர் லெ மெரிட்’. 1916 டிசம்பரில் இரண்டாம் ராணுவமே அவர் கைக்கு வந்தது. 1917 நவம்பரில் பிரான்ஸின் காம்ப்ரேயில் பிரிட்டிஷ் டாங்கிகள் உடைத்துக்கொண்டு நுழைந்தபோது, பத்தே நாளில் எதிர்த்தாக்குதல் நடத்தியது அந்த ராணுவம்தான்.