சொந்த உழைப்பில் கட்டிய மாளிகையாம்!

நேற்று ஒரு இணையக் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி அட்மிரல் எட்வர்ட் பாஸ்கவெனின் ஹாட்ச்லண்ட்ஸ் மாளிகைப் படத்தைப் போட்டு, 'சொந்த உழைப்பில் எழுந்தது' என்று ஒருவர் உருகியிருந்தார். யாருடைய உழைப்பு என்றுதான் கேட்டேன். கேள்வியையும் காணோம், குழுவில் என்னையும் காணோம்.

பாஸ்கவென், இங்கிலாந்தின் கார்ன்வால் பிரபு வீட்டில் மூன்றாவது மகன். குடும்ப நிலம் அண்ணனுக்கு. இவர் லண்டன் பக்கத்துச் சர்ரேயில் தனக்கென்று நிலம் வாங்கி மாளிகை கட்டியது, பரிசுப் பணத்தில், அதாவது பிடித்த எதிரிக் கப்பல்களை விற்றுக் கடற்படையினர் பங்கு போட்ட பணத்தில். நான் கிளப்பிவிட்டதல்ல, 'எதிரிகளின் செலவில்' என்று அவர் கல்லறை வாசகமே பெருமை பேசுகிறது. அன்றைய கணக்கில் எட்டில் மூன்று பங்கு கேப்டனுக்கும் மேலே உள்ள அட்மிரலுக்கும். நூற்றுக்கணக்கான சாதா மாலுமிகளுக்குச் சேர்த்தே எட்டில் இரண்டுதான்.

என் அப்பா கடலூரில் விசைப்படகில் பங்குக்குப் போனவர். டீசல், ஐஸ், படகுக்காரர் பங்கு எல்லாம் போக மிச்சம்தான் ஆட்களுக்கு. அதற்கு அவர் சண்டை போட்டதில்லை. ஆனால் கிரகப்பிரவேசத்தில் முதலாளி 'தனி ஆளா உழைச்சுக் கட்டினேன்' என்றபோது, இலையில் உட்காராமலே திரும்பி வந்துவிட்டார்.

'மாலுமிகளின் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்' என்பீர்கள். சரி, கப்பலுக்குள் காற்றோட்டக் கருவி வைக்க மெனக்கெட்டார், ஒத்துக்கொள்கிறேன். 1748இல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை முற்றுகையிட்டு, அரியாங்குப்பம் கோட்டையில் நாளை வீணாக்கி, மழைக்காலம் வந்ததும் திரும்பினாரே, அதில் நோயிலும் சண்டையிலும் போனவர்கள் ஆயிரத்துக்கு மேல். அடுத்த ஏப்ரல் புயலில் அவருடைய நாமூர் கப்பல் எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் உடைந்து ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவர் அப்போது கரையில்.

'அன்றைய சட்டம் அப்படி.' சட்டம்தான், யார் இல்லை என்றது? சட்டம் அள்ளிக் கொடுத்ததை உழைப்பு என்று ஏன் எழுதுகிறீர்கள்? 1759இல் போர்ச்சுகல் கடலில் பிரெஞ்சுக்காரரோடு பாஸ்கவென் நடத்திய லாகோஸ் சண்டையில், நாமூர் என்ற அதே பெயருள்ள அடுத்த கப்பலில், வெடிமருந்து சுமந்து ஓடிய அடிமைச் சிறுவன் எக்குவியானோ. பின்னால் எஜமான் அவனை விற்றபோது சம்பளமும் பரிசுப் பணமும் கைக்கு வரவில்லை. அவன் செய்தது உழைப்பில்லையா?

எனக்குப் பொறாமையாம்! சர்ரேயில் இருக்கிற மாளிகை மேல் கடலூர்க்காரனுக்கு என்னய்யா பொறாமை? அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று படம் போடுகிற அதே ஆட்கள்.