ஒண்ணேகால் கிலோ பிளேட் எங்கய்யா போச்சு?

அடிபட்டு, ஆறி, மறுபடி அடிபட்டு, ஒரு வழியா தேறி ஜிம்முக்குத் திரும்புறவனுக்கு நம்ம வேலூர்ல என்ன மரியாதை தெரியுமா? முதல்ல இடுப்பு பிடிச்சுது. அது சரியாச்சுன்னு பார்த்தா தோள்பட்டை. தோள் தேறினதும் முழங்கால் வீங்கிப் போச்சு. கடைசியில பிசியோ டாக்டரே, "வாரத்துக்கு ரெண்டு நாள் வெயிட் தூக்கலாம், லேசா ஆரம்பிங்க"ன்னு சொன்னப்புறம்தான் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு ஜிம்ல சேர்ந்தேன். மாசா மாசம் கட்டுறேன்னா ஒத்துக்கல, வருஷத்துக்கு மொத்தமா வாங்கிட்டாங்க. அந்த வயித்தெரிச்சல் தனி.

லேசா ஆரம்பிக்கணும்ல? லேசுக்கு எங்க போறது?

அந்த ஜிம்ல இருக்கிறது ஒரே சைஸ் பார், 20 கிலோ. அதுக்கு மாட்டுற பிளேட்ல சின்னதே 5 கிலோ. ரெண்டு பக்கமும் மாட்டினா 30. அதாவது வெறும் பார்ல இருந்து அடுத்த படிக்கு ஏறணும்னா ஒரே தாவல்ல பாதி எடை கூடுது. டம்பெல் கதை அதைவிட மோசம். ரெண்டரைக் கிலோ ஒண்ணே ஒண்ணு இருக்கு, ஜோடி காணோம். அடுத்தது 5 கிலோ. தோள் போய் வந்தவன் கை ஒரே நாள்ல ரெண்டு மடங்கு தூக்கணுமாம்.

ஒண்ணேகால் கிலோ பிளேட் நாலு இருந்தா என் பிரச்சினையே தீர்ந்துடும். 20, இருபத்திரண்டரை, 25னு அழகா ஏறலாம். அதுல ரெண்டு அந்த ஜிம்ல இல்லாமலும் இல்ல. இருக்கு! ஒண்ணு வாசக்கதவுக்கு முட்டு. காத்துல கதவு அடிச்சுக்கக் கூடாதாம். பெயின்ட் எல்லாம் உரிஞ்சு, துருப்பிடிச்சு, 1.25ங்கிற எழுத்து மட்டும் புடைச்சுக்கிட்டு என்னையே பார்க்குது. அதோட ஜோடி டிரெட்மில் கால் ஒண்ணுக்கு அடியில அண்டை கொடுத்திருக்கு. எடுக்கலாமான்னு கேட்டேன். "எடுத்தா மிஷின் ஆடும் சார்"னாரு மாஸ்டர்.

மிஷின் ஆடக் கூடாது. நான் ஆடலாம்.

எதுக்கு இந்தக் கால் கிலோ, அரைக் கிலோ கணக்குன்னு தோணும். காரணம் இருக்கு. ஆரம்பத்துல சில வாரத்துலயே பலம் கூடின மாதிரி இருக்கும். அதுல பெரும்பங்கு நரம்பு அந்த அசைவைப் பழகிக்கிறது. அப்புறம் தசை வளரும். ஆனா தசையை எலும்போட கட்டிப் பிடிச்சிருக்கிற நாண் இருக்கு பாருங்க, அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி, அது கெட்டிப்பட மாசக்கணக்கா ஆகும். தசை "தூக்குடா"ங்கும், நாண் "இன்னும் நான் ரெடியில்ல"ங்கும். அந்த இடைவெளியிலதான் மறுபடி மறுபடி அடி. அதனாலதான் பிசியோ அவ்வளவு தெளிவா சொல்லி அனுப்பினார்: தூக்கும்போது வலி 10க்கு 3 வரைக்கும் பரவாயில்ல, தாண்டினா நிறுத்து. மறுநாள் காலையில எழுந்து கால் ஊனும்போது எப்படி இருக்குன்னு பாரு. மோசமா இருந்தா எடையைக் குறை. நல்லா இருந்தா கொஞ்சூண்டு கூட்டு. அந்தக் கொஞ்சூண்டைத்தான் கதவுக்கு முட்டு வெச்சிருக்காங்க.

இதையெல்லாம் மாஸ்டர் கிட்ட சொன்னா காதுலயே வாங்கறதில்ல. "இன்னா சார், வெறும் ராடைத் தூக்கிகினு இருக்கீங்க? வலிச்சாதான் சார் உடம்பு ஏறும்"னு சொல்லிக்கிட்டே, நான் கேக்காமலே ஆளுக்கொரு பக்கம் 5 கிலோ மாட்டிடறாங்க. உதவிக்கு ஒரு காலேஜ் பையன் வேற. "அங்கிள், தூக்குங்க அங்கிள், நான் பிடிச்சுக்கறேன்." டேய், நீ பாரைப் பிடிப்ப. என் முழங்காலை யாரு பிடிப்பா?

அப்புறம் வரும் பாருங்க பிரம்மாஸ்திரம். "நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் எவ்ளோ தூக்கினாரு தெரியுமா சார்?" தெரியும்யா! 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 77 கிலோ பிரிவுல, ரெண்டு விதமாத் தூக்கினதையும் சேர்த்து 328 கிலோ, தங்கம். 2018 கோல்டு கோஸ்ட்ல 317 கிலோ, மறுபடி தங்கம். அந்த 317, முன்னாடி தூக்கினதைவிட 11 கிலோ கம்மி. ஏன்னா தொடையில காயத்தோட போய் நின்னார் மனுஷன். தங்கம் உறுதின்னு தெரிஞ்சதும் கடைசி கிளீன் அண்ட் ஜெர்க் (முதல்ல தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேலன்னு ரெண்டு படியாத் தூக்குறது) வாய்ப்பைத் தூக்காமலே விட்டுட்டார். உலகமே பார்க்கிற மேடையில அவருக்கே போதும்னு நிறுத்தத் தெரிஞ்சிருக்கு. அவர் பேரைச் சொல்லி எனக்குப் பிளேட் மாட்டறீங்களே, அந்தக் கதையில இந்தப் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவாங்க. அந்தச் சாமியே, நம்ம ஜலகண்டேஸ்வரர், சத்துவாச்சாரியில இருந்து கிளம்பி 1981ல கோட்டைக்குள்ள திரும்பப் போய்ட்டார். கதவோரத்துல இருக்கிற ஒரு இரும்புத் துண்டால ரேக்குக்குத் திரும்பி வர முடியல.

இப்போதைக்கு வீட்லதான் ஓடுது. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டு. ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, பாதி ஊத்தினா அரைக் கிலோ, இதைவிட நுணுக்கமான டம்பெல் எந்தக் கடையிலயும் கிடையாது. கை ஊனாம நாற்காலியில உக்காந்து எழுந்திருக்கிறேன். சுவத்துல கை வெச்சுத் தண்டால். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில மாட்டி இழுக்கிறேன். பையில மணல் நிரப்பித் தூக்கலாம்னு பார்த்தா, பாலாத்துல ஒரு சட்டி மணல் அள்ளினாக்கூட கேஸ் போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு (லாரி லாரியா அள்ளினவனுக்கு இல்லாத பயம்). அம்மா பார்த்துட்டு, "தைலத்தைத் தேச்சிகினு சும்மா கெடடா"ங்கிறாங்க. ஜிம் ஆளுங்களுக்கு அம்மாவே தேவலாம்.

போன வாரம் ஓனரையே பிடிச்சுக் கேட்டுட்டேன். புதுசா சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கீங்க, கலர் லைட் போட்டிருக்கீங்க, ஒண்ணேகால் கிலோ பிளேட் நாலு வாங்கிப் போடக் கூடாதான்னு. சிரிக்கிறார். "அதையெல்லாம் யாரும் கேக்கறதே இல்ல சார்."

எப்படிக் கேப்பாங்க? கேக்க வேண்டியவன் எல்லாம் வருஷப் பணத்தைக் கட்டிட்டு, ஒரு மாசத்துல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வீட்ல படுத்திருக்கான். அவன் வராததுதான் உங்களுக்கு லாபம், அதையும் சொல்லிடுங்க.

காட்பாடியோ, காந்தி நகரோ, பாகாயமோ, எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. 10 கிலோ பார், ஜோடி குறையாத ரெண்டரைக் கிலோ டம்பெல், பிளேட்டைப் பிளேட்டா மட்டும் வெச்சிருக்கிற ஜிம் ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. ஏசி வேணாம். கண்ணாடி வேணாம். மாஸ்டர் லீவுல இருந்தா ரொம்ப நல்லது.