அக்காவின் தொழில் என்ன?

போன வாரம் சித்தி மகள் கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர் அக்காவைப் பற்றி விசாரித்தார். மகனை விட்டுவிட்டு வர முடியவில்லை என்றேன். "பையனுக்குத்தான் மாதாமாதம் அரசாங்கம் பணம் கொடுக்கிறதே, பிறகென்னம்மா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா மகனுக்குப் பதினாறு வயது. மூளை முடக்குவாதம். கழுத்து நிற்பதற்கே மூன்று வருடம் ஆனது. அவனுக்குச் சோறு ஊட்டுவதை ஒருநாள் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். பருப்புச் சாதத்தைக் கட்டியில்லாமல் மசித்து, அவன் தலையை இடது கையில் சாய்த்துக்கொண்டு, சின்னக் கரண்டியால் கன்னத்தின் உட்பக்கமாக வைப்பாள். நேராக வைத்தால் நாக்கு வெளியே தள்ளிவிடும். தொண்டை அசைந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். அவசரப்பட்டால் புரையேறும். புரையேறினால் சளி, சளி முற்றினால் ஆஸ்பத்திரி. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். நாற்பத்தொரு கிலோ பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டுவதும், இரவில் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்க வைப்பதும் தனி.

அவனுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வருகிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வலிப்பு மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோவுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. டயாப்பர் ஒன்று நாற்பது ரூபாய் என்பதால், வெளியே போகும் நாளில் மட்டும்தான். வீட்டில் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத்தான் கட்டுகிறாள்.

ஆனால் அந்தப் பணம் பிள்ளையின் செலவுக்கு. அக்காவின் உழைப்புக்கு என்ன இருக்கிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருந்தவள் அவள். கை அவ்வளவு வேகம். இவன் பிறந்த பிறகு கூலி போனது, பி.எஃப். போனது, இ.எஸ்.ஐ. அட்டையும் போனது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கணக்கில் 2,000 ரூபாய் என்பது ஆறு நாள் கூலிகூட முழுதாக இல்லை. அக்காவுக்கு மாதத்தில் முப்பது நாளும் வேலை நாள்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 24ஆம் பிரிவில் அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்று தெளிவாகவே சொல்கிறது. கேரளாவில் படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் மாதம் 600 ரூபாய் வைத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனாலும் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியமோ 300 ரூபாய். அதுவும் பதினெட்டு வயது ஆன பிறகு, 80 விழுக்காடு பாதிப்பு இருந்து, குடும்பமும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால்தான். குழந்தைகளுக்கு அதில் இடமே இல்லை.

வருமானம் உள்ள பெற்றோருக்கு இந்த நாடு வேறு கதவு திறந்து வைத்திருக்கிறது. பழைய வருமான வரி முறையில், வரி போடும் வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். ஒன்றிய அரசில் வேலை பார்க்கும் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள். மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் வயது வரம்பும் இல்லை. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் இந்த விடுப்புக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2024 ஏப்ரலில் அவர் பக்கம் நின்று நீதிமன்றம் பேசியதைப் படித்தபோது மகிழ்ந்தேன். அடுத்த நிமிடமே அக்காவின் நினைவு வந்தது. விடுப்பு எடுப்பதற்கு அவளுக்கு வேலையே இல்லை.

"பெற்ற பிள்ளையைப் பார்க்கக் கூலியா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதே பிள்ளையை மானியம் பெறும் தொண்டு நிறுவன இல்லம் ஒன்றில் விட்டால், அங்கே அவனுக்கு ஊட்டுகிறவருக்குச் சம்பளம் உண்டு. வேலை ஒன்றுதான். அந்நியர் செய்தால் அது வேலை, தாய் செய்தால் கடமை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சென்ற மாதம் வங்கிப் படிவம் ஒன்றை அவளுக்காக நான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நான் எங்கே வேலை செய்கிறேன்? இல்லை என்று எழுது" என்றாள், மகனின் வாயைத் துடைத்துக்கொண்டே.

அவள் பெயரில், அவள் கணக்கில், பிள்ளையின் தொகையில் கை வைக்காமல், நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையாத ஒரு மாத ஊதியம் வேண்டும். அறுபது வயதில் அவள் கையேந்தாமல் இருக்க ஓய்வூதியம் வேண்டும். மாதத்தில் இரண்டு நாளாவது, பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசியையும் ஊதியத்தைப் போலவே முக்கியமாகத்தான் கேட்கிறேன். அன்று மணமேடையில் இருந்த பெண், அக்கா தன் இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.