ஷேக் படம் மட்டும் போடுற பேப்பராம்!

சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு நண்பர் மைக்கில் பேசியதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "அரபு நாட்டுப் பேப்பர்னா முதல் பக்கம் ஷேக் படம், கடைசிப் பக்கம் கார் விளம்பரம். அங்க எவன் பத்திரிகையாளன்?" அரங்கமே சிரித்தது. எனக்கு மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

எல்லாப் பேப்பரும் அப்படி இல்லை. பஹ்ரைனில் 'அல் வஸத்' என்று ஒரு தினசரி வந்தது. வஸத் என்றால் நடு. அரசியல் காரணத்தால் லண்டனில் இருந்துவிட்டு நாடு திரும்பிய மன்சூர் அல் ஜம்ரி ஆசிரியராக இருந்து 2002 செப்டம்பரில் தொடங்கியது. அரசாங்கத்துக்குப் பிடிக்காத செய்தியும் அதில் வரும். அதனால்தான் இன்று அது இல்லை.

2009-லிருந்து பஹ்ரைனில் ஜித்ஹஃப்ஸ் என்ற ஊரில் ஒரு கோல்டு ஸ்டோரில் வேலை பார்த்தேன். அங்கே தெருமுனை மளிகைக் கடைக்கு அதுதான் பெயர். விடியற்காலையில் பேப்பர் கட்டு வந்து விழும். கயிற்றை அறுத்து அடுக்குவது என் வேலை. குர்ஆன் ஓதத் தெரிந்தவன்தானே, பேப்பரும் படித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. குர்ஆனில் உயிரொலியைக் காட்டும் ஜேர், ஜபர், பேஷ் குறிகள் எதுவும் பேப்பரில் கிடையாது, வெறும் எழுத்து. தினமும் வஸத் வாங்க வரும் பெரியவர் ஒருவர், ஹாஜி என்றுதான் கூப்பிடுவேன், ஒருநாள் தலைப்பில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார். ஐன், மீம், அலிஃப், லாம். நான் 'அமால்' என்றேன். "லா, உம்மால்" என்று திருத்தி, விரலை என் நெஞ்சில் வைத்தார். தொழிலாளிகள் என்று அர்த்தம். அதுவரை அரபியில் எனக்கு ஓதத்தான் தெரியும். அர்த்தம் புரிந்து நான் படித்த முதல் சொல் அதுதான்.

"2011-ல் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டம் நடந்தபோது பொய்ச் செய்தி போட்ட பேப்பர்தானே அது?" என்று கேட்பீர்கள். ஆமாம், போட்டது. யாரோ திட்டமிட்டு மின்னஞ்சலில் அனுப்பி எங்களைச் சிக்கவைத்தார்கள் என்று ஜம்ரி சொன்னார். தவறை ஒப்புக்கொண்டு பதவியை விட்டு விலகினார். ஒரு தவறான செய்திக்காக நாற்காலியை விட்ட ஆசிரியர் நம் ஊரில் எத்தனை பேர்? அதே வருஷம் ஏப்ரல் 12-ஆம் தேதி, பேப்பரைத் தொடங்கியவர்களில் ஒருவரான கரீம் ஃபக்ராவி காவலில் இறந்தார். சிறுநீரகக் கோளாறு என்றார்கள். மன்னரே அமைத்த விசாரணைக் குழு அந்த வருஷக் கடைசியில் சித்திரவதையால் இறந்தார் என்று எழுதியது. புத்தகக் கடை வைத்திருந்த மனுஷன் அவர். "எவன் பத்திரிகையாளன்" என்று கேட்டு நாம் சிரித்தோம்.

மற்ற பேப்பர்கள் அரசாங்கத்தின் பக்கம்தானே என்பீர்கள். இருக்கட்டும். நான் பேசுவது இந்த ஒன்றைப் பற்றி.

2017 ஜூன் 4-ஆம் தேதி பேப்பரை நிறுத்தச் சொன்னார்கள். மொராக்கோவில் மீன் வியாபாரி ஒருவர் குப்பை லாரியில் நசுங்கிச் செத்ததிலிருந்து கிளம்பிய, அந்நாட்டு ரீஃப் வட்டாரத்துப் போராட்டத்தைப் பற்றி வந்த ஒரு கட்டுரைதான் காரணம். இன்னொரு அரபு நாட்டை அவமதித்ததாம். அந்த மாதமே ஊழியர்கள் எல்லோருக்கும் வேலை போனது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வலி என்று கேட்கலாம். கல்ஃபில் இருந்தவனுக்குச் சம்பளமும் சென்ட் பாட்டிலும் தவிர ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அந்த ஊரின் பயம் எங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் நாங்களும் நின்றிருக்கிறோம்.

2011 ஏப்ரல் 3. அந்தப் பொய்ச் செய்திக்காக அரசாங்கம் வஸத்தை நிறுத்திவைத்த நாள். கட்டு வந்தது, அதில் வஸத் மட்டும் இல்லை. ஹாஜி வந்து கையில் சில்லறையோடு நின்றார். "வஸத் மாஃபி?" "மாஃபி ஹாஜி." வேறு பேப்பரை நீட்டினேன், வாங்கவில்லை. விற்காததைத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்த கட்டில் முந்தின நாள் வஸத்தைக் காட்டி, அதைக் கொடு என்றார். எடுத்துக் கொடுத்தேன். காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதே பேப்பரை முந்தின நாள் காலையிலேயே என் கையால் வாங்கிப் போயிருந்தார்.