ஆறா, எட்டா? பழைய சொகுசுக் கார் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

அமெரிக்காவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஜெர்மன் சொகுசுக் கார்களின் விலை மிகவும் கீழே இறங்கிவிடுகிறது. புதிதாக விற்றபோது எட்டு சிலிண்டர் காருக்கும் அதன் ஆறு சிலிண்டர் உடன்பிறப்புக்கும் இடையே பல ஆயிரம் டாலர் வித்தியாசம் இருந்திருக்கும். பழைய கார் சந்தைக்கு வரும்போதோ அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சில மாடல்களில் எட்டு சிலிண்டரே மலிவாகவும் கிடைக்கிறது. அதே பணத்துக்குப் பெரிய இன்ஜின் கிடைக்கும்போது எதற்குச் சிறியதை வாங்க வேண்டும் என்று நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காரின் விலை சரிந்ததைப் போல அதன் உதிரி பாகங்களின் விலையும் மெக்கானிக் கூலியும் சரிவதில்லை. அவை இன்றும் அறுபதாயிரம் டாலர் காருக்குரிய கணக்கிலேயே நிற்கின்றன. அந்தச் செலவை அறிந்தவர்கள் விலகிப் போவதால்தான் விலை அந்த அளவுக்கு இறங்குகிறது.

சிலிண்டர் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த இன்ஜினின் பெயர் என்ன, எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

எனக்கு நன்கு பழக்கமான பிஎம்டபிள்யூ 5 சீரிஸை எடுத்துக்கொள்கிறேன். 2006, 2007 ஆண்டுகளின் 530ஐ காரில் என்52 என்ற மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் இருக்கிறது, 255 குதிரைத்திறன். அதே உடலில் வந்த 550ஐ காரில் என்62 என்ற 4.8 லிட்டர் வி8 இன்ஜின் (வி வடிவில் இரு வரிசைகளாக அமைந்த எட்டு சிலிண்டர்), 360 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது வி8 அலட்டிக்கொள்ளாமல் இழுத்துச் செல்கிறது, ஆறு சிலிண்டரோ கியரை இறக்கிச் சுழற்சியை ஏற்றித்தான் அதைச் செய்கிறது. ஆனால் மென்மை என்று வந்துவிட்டால் கதை வேறு. பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்பவை. முன்பாதி மூன்று பிஸ்டன்களின் அசைவு பின்பாதி மூன்றின் கண்ணாடிப் பிம்பமாக அமைவதால், அதிர்வை உண்டாக்கும் விசைகள் ஒன்றையொன்று தாமாகவே நீக்கிக்கொள்கின்றன. இந்தச் சமநிலைக்காகத் தனியே ஒரு தண்டு பொருத்த வேண்டிய அவசியம் இல்லை. வி வடிவில் அமைந்த ஆறு சிலிண்டருக்கு இந்த வரம் கிடையாது. ஆகவே ‘ஆறு சிலிண்டர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருவேறு பிறவிகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி என்62 தரும் தொல்லைகளுக்கு வருகிறேன். வால்வு தண்டுகளைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல்கள் ஆண்டுகள் ஆக ஆக இறுகிப்போய், எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் விடுகின்றன. கார் ஓடிக்கொண்டிருக்கும்போது இது கண்ணில் படாது. சிக்னலில் நெடுநேரம் நின்றுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், பின்னால் நிற்கும் காரையே மறைக்கும் அளவுக்கு நீலம் கலந்த வெண்புகை எழும். சீல் என்னவோ சில டாலர் பொருள்தான். ஆனால் முப்பத்திரண்டு வால்வுகளுக்கும் அதை மாற்ற வேண்டும். அதற்கு வால்வுகளைத் திறந்து மூடும் நான்கு கேம் ஷாஃப்டுகளையும், வால்வு உயரத்தைக் கட்டுப்படுத்தும் நுட்பமான அமைப்பையும் கழற்ற வேண்டும். கூலி மட்டுமே பல ஆயிரம் டாலரைத் தொடுகிறது, காரின் விலையே அவ்வளவுதான் என்ற நிலையில்.

இரண்டாவது தொல்லை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் கூலண்ட் குழாய். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், இன்ஜினின் முன்னும் பின்னும் இணையுமாறு ஓர் அலுமினியக் குழாய் ஓடுகிறது. அதன் முனையிலுள்ள சீல் தளர்ந்ததும் கூலண்ட் கசிந்து, இன்ஜினின் முன்பக்கத்தில் துளித்துளியாக இறங்கும். தண்ணீர் பம்பு கசிகிறது என்று நினைத்து அதை மாற்றிவிட்டு, மறுபடியும் கசிவதைக் கண்டு திகைத்தவர்கள் பலர். நிறுவனத்தின் முறைப்படி குழாயை மாற்றுவதென்றால் இன்ஜினின் முன்பாகம் முழுவதையும் பிரிக்க வேண்டும். பிற்காலத்தில் வேறு தயாரிப்பாளர்கள், பழைய குழாயை உள்ளேயே வெட்டி எடுத்துவிட்டு நீட்டிப் பொருத்தக்கூடிய குழாயை விற்கத் தொடங்கிய பிறகே இந்த வேலை ஓரளவு கட்டுப்படியாகிறது.

என்52 மட்டும் குறையற்றதா என்றால் இல்லை. அதன் மின்சாரத் தண்ணீர் பம்பு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடும். கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். வால்வு கவர் கேஸ்கெட்டும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் கசியும். மக்னீசியம் கலந்த இன்ஜின் உடல் என்பதால் அலுமினியப் போல்ட்டுகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கழற்றியதை மறுபடி போடாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். இருந்தும் இவை அனைத்தும் கை எட்டும் இடங்களில் நடக்கும் வேலைகள். நீளமான, ஒல்லியான இன்ஜின் என்பதால் இரு பக்கமும் இடம் இருக்கிறது. பொறுமையுள்ள ஒருவர் சனி, ஞாயிறுகளில் தம் வீட்டு வாசலிலேயே இவற்றைச் செய்துவிடலாம். இந்தத் தலைமுறை 5 சீரிஸில் நான் ஆறு சிலிண்டரைத்தான் பரிந்துரைப்பேன், தயக்கமே இல்லாமல்.

இதே அளவுகோலை அப்படியே பென்ஸுக்குப் பொருத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. 2003 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற இ500 காரில் இருப்பது எம்113 என்ற ஐந்து லிட்டர் வி8, 302 குதிரைத்திறன். சிலிண்டருக்கு மூன்று வால்வுகள், இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு கேம் ஷாஃப்ட் என்ற எளிய அமைப்பு. பதினாறு பிளக்குகளை மாற்றும் நாளில் சற்று எரிச்சல் வரும், அவ்வளவுதான். இதற்குப் போட்டியாக நிற்கும் 2006 இ350 காரிலோ எம்272 என்ற வி6. வி6 ஆனதால் அதற்கு அதிர்வைத் தணிக்க ஒரு சமநிலைத் தண்டு தேவைப்பட்டது. தொடக்க கால இன்ஜின்களில் அந்தத் தண்டின் பல்சக்கரம் போதிய உறுதியின்றி அமைந்து, பற்கள் முன்கூட்டியே தேய்ந்தன. அதை மாற்ற இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். எனவே இந்த இரண்டு கார்களுக்கு இடையில் எட்டு சிலிண்டரே பாதுகாப்பான தேர்வு. இ500 காரின் ஏர் சஸ்பென்ஷன் செலவு வைக்கும் என்பது உண்மை, ஆயினும் அது இன்ஜினின் குற்றம் அல்ல. அடுத்து வந்த இ550 காரின் எம்273 இன்ஜினிலும் டைமிங் செயின் (கேம் ஷாஃப்டைச் சுழற்றும் சங்கிலி) ஓடும் ஒரு சக்கரத்தில் இதேபோன்ற தேய்மானம் தொடக்கத்தில் இருந்தது. எட்டு என்பதற்காகவே அதை நம்பிவிட முடியாது.

ஜப்பானின் லெக்ஸஸைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. 2001 முதல் 2005 வரையிலான ஜிஎஸ்300 காரின் வரிசை ஆறும், ஜிஎஸ்430 காரின் வி8-உம் ஒன்றையொன்று விஞ்சும் உழைப்பாளிகள். சங்கிலிக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் டைமிங் பெல்ட் 90,000 மைலில் மாற்றப்பட்டதற்கு ரசீது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு மனம் விரும்புவதை வாங்கலாம்.

இன்னும் புதிய காரைத் தேடுவோருக்கு இந்த விவாதமே தளர்ந்துவிட்டது. 2011-க்குப் பிந்தைய 550ஐ காரின் என்63 இன்ஜினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இரு டர்போக்களையும் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, வெப்பம் தேங்கும் இடத்திலேயே வைத்தார்கள். எண்ணெய் குடிப்பது, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், டைமிங் செயின் என்று புகார்கள் பெருகியதால், 2014 இறுதியில் பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் இந்த இன்ஜினுக்கென்றே தனிப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2017-இல் வந்த 540ஐ காரின் பி58 என்ற டர்போ ஆறோ 335 குதிரைத்திறன் தருகிறது. முதலில் சொன்ன பழைய 550ஐ காரின் என்62 வி8-க்கும் இதற்கும் இடைவெளி மிகச் சிறிது. இந்தப் புதிய கார்களில் எட்டு சிலிண்டருக்காக வாதாட எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் என்62 உள்ள பழைய 550ஐ-தான் வேண்டும் என்பவரை நான் தடுக்க மாட்டேன், அந்த இழுவைக்கு ஆசைப்படுவது இயல்பே. வால்வு சீலும் கூலண்ட் குழாயும் ஏற்கெனவே மாற்றப்பட்டதற்கு ரசீது வைத்திருப்பவரிடம் ஆயிரம் இரண்டாயிரம் டாலர் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். ரசீது இல்லையென்றால், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் பத்து நிமிடம் நிறுத்தாமல் ஐடிலில் (கார் நகராமல் இன்ஜின் மட்டும் ஓட) விட்டுவிட்டு, ஒருவரைக் காரின் பின்னால் நிற்க வைத்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் விலை பேசவே வேண்டாம்.