மைக்ரானைப் பார்த்து ஸ்கேனர் வாங்காதீர்கள்

பாளையங்கோட்டையிலும் தென்காசிப் பக்கமும் பல் லேப் (டாக்டர் அனுப்புகிற அளவை வைத்துச் செயற்கைப் பல் செய்கிற இடம்) வைத்திருக்கிற தம்பிமார் சிலர், பல் மாடலைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற ஸ்கேனர் ஒன்றை இந்த வருடம் வாங்கியே தீருவது என்று இருக்கிறார்கள். பேங்க் லோன் வரை பேசியாயிற்று. எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, எதுல மைக்ரான் கம்மி?" மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; ஸ்கேன் எவ்வளவு பிசகும் என்பதை அதில்தான் சொல்வார்கள். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

மெடிட் என்ற ஸ்கேனர் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். அதன் டி310 ஸ்கேனருக்கு 9 மைக்ரான், டி510க்கு 7, டி710க்கு 4 என்று கம்பெனியே போட்டிருக்கிறது. பல் ஸ்கேனர்களைச் சோதிக்கிற ஐஎஸ்ஓ 12836 என்ற சர்வதேச முறைப்படி, தரப்படுத்திய பொருளை ஸ்கேன் செய்து எடுத்த எண்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் லேபுக்கு வருவது என்ன என்று பாருங்கள். பிரிட்ஜுக்கு (பல பற்கள் சேர்ந்த கட்டு) சிலிகானில் அளவெடுக்கிற டாக்டர்கூட எதிர்த்தாடைக்கு, தண்ணீரில் குழைக்கிற ஆல்ஜினேட்டில்தான் எடுக்கிறார். சங்கரன்கோவிலில் காலையில் எடுத்த அந்த அளவு, ஈரத்துணிகூடச் சுற்றாமல் கண்டக்டர் கைக்குப் போய், மே மாத வெயிலில் பஸ்ஸிலேயே வெந்து திருநெல்வேலி வந்து சேர்கிறது. ஈரம் போகப் போக ஆல்ஜினேட் சுருங்கும். மாடல் செய்ய அதில் ஊற்றுகிற ஸ்டோனோ (கெட்டி ஜிப்சம்) இறுகும்போது விரியும். 0.1 சதவீதம் விரிந்தாலே 50 மில்லிமீட்டர் அகலமுள்ள மாடலில் 50 மைக்ரான் ஆயிற்று. அப்புறம் ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான், 1500 டிகிரியை ஒட்டிச் சுடும்போது 20 சதவீதம் அளவுக்குச் சுருங்குகிறது. அதைக் கணக்குப் போட்டுப் பெரிதாக்கித்தான் மில்லிங்கே (மெஷினில் பல்லைக் கடைவது) செய்கிறோம். இத்தனைக்கும் நடுவில் 7க்கும் 4க்கும் இருக்கிற வித்தியாசத்துக்காக ஒரு சின்ன லேப் கூடுதல் கடன் சுமக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து.

டெமோவுக்கு டீலர் கொண்டுவருகிற மாடலில் மார்ஜின், அதாவது கிரவுன் (பல் உறை) வந்து முடிகிற ஓரம், கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். எந்த ஸ்கேனரும் அதைப் பிடித்துவிடும். உங்கள் லேபிலேயே ஆகக் கஷ்டமான கேஸைக் கையோடு கொண்டுபோங்கள். கீழ் முன்பற்கள் நெருக்கமாகத் தேய்த்தது, ஈறுக்கு அடியில் ஆழமாக மார்ஜின் போனது, இம்ப்ளான்ட் திருகின் மேல் பல்லைத் தாங்குகிற பளபளக்கிற மெட்டல் அபட்மென்ட், இப்படி ஏதாவது. ஸ்கேன் முடிந்ததும் கலரை அணைத்துவிட்டு மெஷ்ஷை (ஸ்கேன் செய்த முப்பரிமாண உருவத்தை) மட்டும் பெரிதாக்கி, இரண்டு பல்லுக்கு நடுவில் திருப்பிப் பாருங்கள். கேமராவுக்குத் தெரியாத இடத்தை சாஃப்ட்வேர் தன் ஊகத்தில் வழவழப்பாக மூடியிருக்கும். ஸ்கிரீனில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். டாக்டர் வைத்துப் பார்த்து, கிரவுன் பல்லில் உட்காராதபோதுதான் அந்த ஓட்டை தெரியும்.

அடுத்தது வேகம். "ஸ்கேனர் ஸ்லோவா இருக்கு" என்று வருகிற புலம்பலில் பெரும்பாலானவை ஸ்கேனரைப் பற்றியதே இல்லை. ஸ்கேன் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பல யூனிட் பிரிட்ஜைத் திறந்து, பல்லோடு பல்லை இணைக்கிற கனெக்டரை இழுக்கும்போதுதான் மவுஸ் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம் என்று நிற்கிறது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வரிசையைப் பாருங்கள். நல்ல விலை கொடுத்து வாங்கிய என்விடியா கார்டு சும்மா கிடக்கும். பிராசஸரோடு வந்த சின்ன கிராபிக்ஸ் தலையில் மொத்தச் சுமையும் இருக்கும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்களில் இது அடிக்கடி நடக்கிறது. விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்கில் டிசைன் சாஃப்ட்வேரைச் சேர்த்து, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றினால் போதும். கேஸ் ஃபோல்டர் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். சார்ஜர் இல்லாமல் லேப்டாப்பில் டிசைன் செய்யவே வேண்டாம்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. பல லேபில் ஜிர்கோனியா சுடுகிற பர்னஸும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில்தான். காலையில் ஓடுகிற கம்ப்யூட்டர் மத்தியானம் திணறுவது சூட்டினால். சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தடுப்பு வைத்துக் கம்ப்யூட்டரைத் தனியே பிரியுங்கள். ஜிப்சம் தூளும் உள்ளே போகாது.

இதையெல்லாம் விற்றவர்கள் அல்லவா சொல்ல வேண்டும்? எனக்கு விற்ற டீலர், போன் செய்யும்போதெல்லாம் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார். அப்புறம் சென்னையிலிருந்து இன்ஜினியர் வரச் செலவுக் கணக்கு அனுப்பினார். இன்றைக்கும் எனக்கு அதில் கோபம்தான். விற்பனைக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வரை வரத் தெரிந்தவர்களுக்கு, சர்வீஸுக்கும் வரத் தெரிய வேண்டும்.

பல் டிசைன் சாஃப்ட்வேரில் எக்ஸோகேடா த்ரீஷேப்பா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. இரண்டிலும் நல்ல வேலை செய்கிற பையன்கள் இருக்கிறார்கள். எக்ஸோகேடை 2020இல் அலைன் டெக்னாலஜி வாங்கிவிட்டது. இப்போதும் அது பல கம்பெனி ஸ்கேனர்களோடு சேர்ந்து வருகிறது. த்ரீஷேப் ஸ்கேன் டிசிஎம் என்ற அதன் சொந்த வடிவில் சேமிக்கப்படுகிறது. ஆகவே எதை வாங்கினாலும் கேளுங்கள்: பொது வடிவான எஸ்டிஎல்லாக வெளியே எடுக்க முடியுமா, அதற்குத் தனிக் காசா? ஆண்டுக் கட்டணம் கட்டாத வருடம் சாஃப்ட்வேர் திறக்குமா? இம்ப்ளான்ட் மாட்யூல் விலையில் சேர்த்தியா? டாங்கிள் (லைசென்ஸ் உள்ள யுஎஸ்பி சாவி) தொலைந்தால் என்ன செய்வது? பதிலை வாயால் வாங்காதீர்கள், கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

தினமும் ஒன்றிரண்டு கிரவுன் மட்டும் வருகிற லேபுக்கு இப்போதைக்கு ஸ்கேனரே வேண்டாம் என்பேன். மாடலை மில்லிங் சென்டருக்கு அனுப்பினால் அவர்களே ஸ்கேன் செய்து டிசைனும் போடுகிறார்கள். கேஸ் பெருகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு சனிக்கிழமை மாடலோடு என் லேபுக்கு வாருங்கள். ஸ்கேன் செய்து, டிசைன் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். காசு ஒன்றும் வேண்டாம்.