ரூட் செய்யத் தேவையில்லை

ஆர்டுயினோ போர்டை (கருவிகளை இயக்கும் சின்ன கண்ட்ரோல் போர்டு) கேபிள் வழியாகப் போன் ஆப்பில் இயக்க, போனை ரூட் செய்தே, அதாவது போன் சிஸ்டத்தின் பூட்டை உடைத்து முழு அதிகாரம் எடுத்தே, ஆக வேண்டும் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது தவறு. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.1 முதலே யூஎஸ்பி ஹோஸ்ட் வசதி, அதாவது கேபிளில் மாட்டிய கருவியை போனே இயக்கும் வசதி, உண்டு. போனில் அதற்கான ஓடிஜி (OTG) ஆதரவு இருந்தால் போதும். ஆப் அனுமதி கேட்கும், ஓகே தட்டினால் சரி.

பாலக்கோட்டில் எங்கள் தக்காளித் தோட்டத்துச் சொட்டுநீர் வால்வுகளை ரூட் செய்யாத பழைய போனில்தான் திறந்து மூடுகிறேன். ஆப்பில் தட்டியதும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) 'டக்' என்று விழும். முதல் நாள் எனக்கும் ஓடவில்லை, காரணம் கேபிள். மைக்ரோ யூஎஸ்பி போனுக்கு சார்ஜர் கேபிள் ஆகாது. ஓடிஜி கேபிளில் நான்காவது பின் (முனை) கிரவுண்ட் கம்பியோடு சேர்ந்திருக்கும். அதை வைத்துத்தான் தான் ஹோஸ்ட் என்று போன் தெரிந்துகொள்கிறது. அப்புறம், ரிலேக்களுக்குத் தனியாக 5 வோல்ட் சப்ளை கொடுங்கள் தம்பி, போன் பேட்டரியில் இருந்து இழுக்க வேண்டாம்.